பார்சல் புரோட்டாவும் பில்லில் ஏறும் சர்வீஸ் சார்ஜும்

கேள்வி: மதுரைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பூப்போல இருக்கும் புரோட்டா, வீட்டுக்கு வாங்கி வந்து பிரித்தால் ரப்பராக இழுக்கிறதே. மாவு மட்டமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: மாவைக் குறை சொல்ல வேண்டாம். கல்லிலிருந்து எடுத்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் அடுக்குகள் பிரிந்து உள்ளிருக்கும் ஆவி வெளியேறும். கூட்ட நேரத்தில் பார்சலுக்கு இந்த அடி குறைந்துவிடும். சூட்டோடு இலையில் வைத்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். வெளியேற வழியில்லாத ஆவி மொறுமொறுப்பான மேல்பக்கத்தை நனைக்கும். பிறகு ஆற ஆற மைதாவின் ஸ்டார்ச் இறுகிவிடும்.

அதனால் ஆர்டர் சொல்லும்போதே, "நல்லா அடிச்சு, ரெண்டு நிமிஷம் ஆறவிட்டுக் கட்டுங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். கடைக்காரர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். செய்தித்தாள் மை உணவில் படக் கூடாது. நடுவே கட்டாயம் வாழை இலை வேண்டும். சால்னாவுக்கு எவர்சில்வர் தூக்குவாளியைக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், கொதிக்கிற சால்னாவை அதிலேயே கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள்.

வீட்டில் தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, புரோட்டாவின் இரண்டு பக்கமும் சில சொட்டுத் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு 30 விநாடி விடுங்கள். மூடியை எடுத்துவிட்டு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு ஒரு நிமிடம். இறக்கியதும் கையால் அடியுங்கள், அடுக்கு பிரியும். பன் புரோட்டா தடிமன் என்பதால் தீயைக் குறைத்து இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், எடுத்தவுடன் மெத்தென்று இருக்கும், ஆறியதும் முன்னைவிடக் கெட்டியாகும்.

கறிதோசையைப் பார்சல் வாங்கவே வாங்காதீர்கள். அடியில் ஊத்தப்பம் போலத் தடித்த தோசை, மேலே முட்டை, அதற்கும் மேலே கறி. கறியின் சாறு இறங்கினால் தோசை சொதசொதத்துவிடும். கல்லிலிருந்து நேராக இலைக்கு வரவேண்டிய பண்டம் அது.

கேள்வி: பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கொடுத்தே ஆகவேண்டுமா?
- வாசகர், கே.கே.நகர், மதுரை

பதில்: வேண்டியதில்லை. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் விதி வகுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஜி.எஸ்.டி. வேறு விஷயம். சாதாரண ஓட்டலில் 5 சதவீதம், பில்லில் மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என இரண்டாகப் பிரித்துப் போட்டிருக்கும். 400 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 420 தான் வரவேண்டும். சர்வீஸ் சார்ஜ் 40 சேர்ந்தால் அதற்கும் வரி விழுந்து 462 ஆகும். நீக்கச் சொல்லுங்கள், மறுத்தால் பில்லைப் படமெடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். மொத்த விற்பனையில் ஒரு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகளோ வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது.

கேள்வி: ஆப்பில் ஆர்டர் செய்தால் ஏதாவது ஒன்று விடுபட்டே வருகிறது. என்ன செய்வது?
- வாசகர், மேலூர்

பதில்: பார்சலைப் பிரிக்கும் முன்பே ஒட்டிய சீலையும் பில்லையும் படமெடுங்கள். பிரித்து எல்லாவற்றையும் பரப்பி இன்னொரு படம். உடனே ஆப்பிலேயே புகார் போடுங்கள், மறுநாளுக்குத் தள்ளிப்போட்டால் எடுபடாது.

கேள்வி: இரவு பஸ்ஸுக்கு இட்லி பார்சல் வாங்கினால் சட்னி புளித்துவிடுகிறது.
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: தேங்காய்ச் சட்னியை மூன்று மணி நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள், நம் ஊர் வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் கெடும். பொடி இட்லியாக வாங்குங்கள். ஆறிய இட்லியின் எல்லாப் பக்கமும் நல்லெண்ணெய் தடவிப் பொடி புரட்டச் சொன்னால் ஒன்றோடொன்று ஒட்டாது. சாம்பாரை மேலே ஊற்ற விடாதீர்கள்.