பற்றவைத்த இடத்தில் கொலுசு நீள்கிறதே, கலப்படமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் மகளுக்கு 92.5 வெள்ளிக் கொலுசு வாங்கினோம். சங்கிலி அறுந்ததால் வீட்டுக்குப் பக்கத்திலேயே பற்றவைத்தோம். இப்போது அந்த இடத்து வளையங்கள் மட்டும் இழுபட்டு வாய் பிளக்கின்றன. கலப்பட வெள்ளியைத் தலையில் கட்டிவிட்டார்களா?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: கடைக்காரரிடம் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். சுத்த வெள்ளிதான் மிருதுவானது. செம்பு கலந்தால் விறைப்பு கூடும். ஆகவே வளைகிறது என்பதற்காக டச் (வெள்ளியின் சுத்தம்) குறைவு என்று சொல்லிவிட முடியாது. மற்ற வளையங்கள் நன்றாக இருப்பதால், என் சந்தேகம் பற்றவைத்த நெருப்பின் மேல்தான்.

வெள்ளிக் கம்பி என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு படிகங்களின் கூட்டம். கம்பியை இழுத்தால் படிகத்துக்குள் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அந்த வழுக்கலைச் சுமந்து போவது, அடுக்கில் அணுக்கள் கோடு போல வரிசை தவறி நிற்கும் ஒரு பிசகு. படிகத்தின் எல்லைக்கு வந்ததும் அது தடைபடும். அடுத்த படிகத்தில் அடுக்குகள் வேறு திசை பார்த்து நிற்கின்றன. வயலில் வரப்பு தண்ணீரை மறிப்பது மாதிரி. படிகம் சிறிதானால் எல்லைகள் அதிகம், கம்பி எளிதில் நீளாது. 1950-களின் தொடக்கத்தில் ஹால், பெட்ச் என்ற இருவர் இதைக் கணக்காகவே காட்டினார்கள்: படிகத்தின் அளவு கால் பங்கானால், எல்லைகளால் கிடைக்கும் வலு இரு மடங்காகும்.

கம்பி செய்யத் துளை அச்சில் இழுக்கும்போது இந்தப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக் கம்பி விறைக்கிறது. பற்றவைக்கும் சூட்டில் அந்தச் சிக்கல் கலைந்து புதுப் படிகங்கள் பிறக்கும். தீயை அதிக நேரம் காட்டினால் பெரிய படிகம் சின்னதை விழுங்கி வளரும், எல்லைகள் குறையும், கம்பி இளகும். அப்படி இளகிய இடத்தை வளைத்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

மறுபடி பற்றவைத்தால் இன்னும் இளகும். அந்த வளையங்களைக் கழற்றிவிட்டுப் புதுக் கம்பியில் செய்து போடச் சொல்லுங்கள். தீ இணைப்பில் மட்டும் படட்டும்.

தரத்தில் சந்தேகம் தீரவில்லையா? சரி, ஹால்மார்க் முத்திரையில் 925 இருக்கிறதா பாருங்கள். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்குமான தனி அடையாளக் குறியீடு) வந்திருக்கிறது; நகையில் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். சோதனையில் தரம் குறைந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். சேலம் நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.