கிடைமட்ட எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் ஜெல் அடித்தே நிறுத்திவிட முடியாதா?

முடியும், தண்ணீர் எந்த இடத்தில் நுழைகிறது என்று தெரிந்திருந்தால். (ஜெல் என்பது பாறைக்குள் போய்க் கெட்டியாகித் தண்ணீரை மறிக்கிற ரசாயனக் கூழ்.) கேட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, மேலதிகாரியிடம் முதல் திட்டு வாங்கியவர் என்று நினைக்கிறேன்.

நான் வளைகுடாவில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு இப்போது காரைக்குடிப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். படுத்த கிணற்றில் தண்ணீர் சமமாக ஏறாது. குழாயில் உராய்வு இருப்பதால், கிணறு படுக்கத் தொடங்கும் 'ஹீல்' பக்கம்தான் உறிஞ்சல் அதிகம். பாறை ஒரே சீராக இருந்தால் தண்ணீரும் முதலில் அங்கேதான் வரும், மறுமுனையான நுனியில் எண்ணெய் அப்படியே கிடக்கும். இதைச் சமன்படுத்தத்தான் நார்வேயின் ட்ரோல் எண்ணெய் வயலில் 1990களிலேயே வரத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளைக் குழாயோடு சேர்த்து இறக்கினார்கள். அதெல்லாம் கிணறு கட்டும்போதே செய்ய வேண்டியது.

எங்கள் கிணறு சுண்ணாம்புக்கல்லில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் படுக்கை. மேலே வருவதில் நூற்றுக்கு முப்பதாக இருந்த தண்ணீர் மூன்றே வாரத்தில் எண்பத்தைந்து. இப்படித் திடுதிப்பென்று ஏறினால் முதலில் பாறை விரிசலைத்தான் சந்தேகிக்க வேண்டும், அது படுக்கையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். "முதலில் லாகிங் செய்வோம் சார்" என்றேன், அதாவது கருவியை உள்ளே விட்டுத் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று அளப்பது. படுத்த கிணற்றில் கருவி தன் எடையில் இறங்காது, காயில்டு டியூபிங் என்கிற, உருளையில் சுற்றிய நீளமான இரும்புக் குழாயை வைத்துத் தள்ள வேண்டும். செலவு, நாள் இரண்டும் ஆகும். மேலே இருந்தவர் கேட்கவில்லை. மொத்த நீளத்துக்கும் ஜெல்லை மேலிருந்தே அழுத்தினார்கள். அது தனக்குச் சௌகரியமான இடத்துக்கெல்லாம் போனது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தது, எண்ணெய் அதைவிட அதிகமாகக் குறைந்தது. அப்புறம்தான் லாகிங். நுனியில் ஒரே ஒரு விரிசல்! உள்ளே போய் உப்பி அடைக்கிற ஒரு பிளக்கை இறக்கியிருந்தால் தீர்ந்திருக்கும்.

ஜெல்லே மோசம் என்று நான் சொல்லவில்லை, கமெண்ட்டில் சண்டைக்கு வராதீர்கள். இடம் தெரிந்து, அந்தப் பகுதியை மட்டும் பிரித்து அடித்தால் நன்றாகவே பிடிக்கும். மணற்கல்லில் வேலை பார்த்தவர்கள் வேறு கதை சொல்லலாம்.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் போன வருடம் வீட்டில் போட்ட போர்வெல். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அதன் தடையை அளந்து தண்ணீர் தேடும் சர்வே எடுத்துப் பார்ப்போம் என்றேன். "கடல்ல எண்ணெய் எடுத்தவனுக்கு நம்ம செம்பராங்கல் பூமியைப் பத்தி என்னப்பா தெரியும்?" என்று அயித்தான் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். (நான் வேலை பார்த்தது பாலைவனத்தில். அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் எழுநூறு அடி, புழுதிதான் பறந்தது. பின்னால் இருக்கிற ஊருணிக்கு வரும் வரத்துக்காலை பிளாட் போட்டு அடைத்துவிட்டார்கள், அதைத் தோண்டுவோம் என்றால் யாருக்கும் வாய் வராது. அடிக் கணக்கில் பணம் கட்டியது நான். தேங்காயைக்கூட அந்த ஆள் விட்டுவிட்டுப் போகவில்லை.