விட்டமினோடு கட்டி பாக்டீரியாவுக்குள் அனுப்புவது: கேள்வி பதில்

கேள்வி: மருந்தை ஏன் விட்டமினோடு கட்ட வேண்டும்? நேராகக் கொடுத்தால் போகாதா?

சின்ன மூலக்கூறு என்றால் போகலாம். ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாவுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் உள்ள போரின் என்ற புரதத் துளைகளில் சுமார் 600 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் எதுவும் நுழையாது. விட்டமின் பி12-இன் எடையோ 1,355. அதற்கென்றே பிடியூபி என்ற ஏற்பியை பாக்டீரியா வைத்திருக்கிறது. பி12 அதில் வந்து உட்கார்ந்ததும், உட்சவ்விலிருந்து டான்பி என்ற புரதம் நீண்டு வந்து ஏற்பியைப் பிடிக்க, வழி திறக்கிறது. இரு சவ்வுகளுக்கும் நடுவில் பிடியூஎஃப் அதை வாங்கி, உட்சவ்வில் இருக்கும் பிடியூசிடி கடத்தியிடம் ஒப்படைக்கிறது. இந்த வழியில் பி12-இன் முதுகில் சரக்கை ஏற்றிவிடுவதுதான் யோசனை. நமக்கு முன்பே கோலிசின் ஈ வகை நச்சுப் புரதங்களும் பிஎஃப்23 என்ற ஃபேஜும் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) இதே ஏற்பியைப் பிடித்துத்தான் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன.

கேள்வி: பி12-இல் எந்த இடத்தில் கட்டுவது?

பி12-இல் இருக்கும் ரைபோஸ் என்ற சர்க்கரைப் பகுதியின் 5' ஹைட்ராக்சில் (OH) முனையில். அங்கே மாட்டினால் ஏற்பி இன்னும் பி12-ஐ அடையாளம் காண்கிறது. கட்டிய பிறகு ஒரு விஷயம்: வளர்ப்பு ஊடகத்தில் பி12 இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய இருந்தால் அது உங்கள் கூட்டுப்பொருளோடு போட்டி போடும். போதாததற்கு பாக்டீரியா பிடியூபி உற்பத்தியையே குறைத்துவிடும்.

கேள்வி: ஃபோலிக் அமிலத்தோடு கட்டலாமா?

ஈ.கோலைக்கு வேண்டாம். அது ஃபோலேட்டைத் தானே செய்துகொள்கிறது, வெளியிலிருந்து எடுப்பதில்லை. அந்தத் தயாரிப்பைத் தடுக்கும் சல்ஃபா மருந்துகள் வேலை செய்வதே அதனால்தான்.

கேள்வி: ஆன்டிபயாடிக்கோடு பி12 மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் பலன் கூடுமா?

கூடாது. இரண்டும் வேதிப்பிணைப்பால் ஒன்றாக இருந்தால்தான் கதை. மருந்து பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிடியூசிடி இவ்வளவு பெரிய சரக்கை உட்சவ்வுக்குள் விடவே விடாது. வெளிச்சவ்வோடு முடிந்துவிடும் விஷயத்தை ஏன் ‘செல்லுக்குள்’ என்கிறீர்கள்?

நியாயமான சண்டை. 2017-இல் வார்சா ஆய்வாளர்கள் பி12-ஐ பிஎன்ஏ என்ற செயற்கை நியூக்ளிக் அமிலத்தோடு கட்டி, ஈ.கோலையிலும் சால்மோனெல்லாவிலும் சிவப்பு ஒளிர்புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துக் காட்டினார்கள். பிஎன்ஏ தாக்குவது எம்ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்வதற்கான மரபணுச் செய்தியின் நகலை. எம்ஆர்என்ஏ இருப்பது உட்சவ்வுக்கும் உள்ளே, சைட்டோபிளாசத்தில். ஆக, சரக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

மறுகேள்வி (அதே நண்பர்): போயிருக்கலாம், ஆனால் பிடியூசிடி வழியாகத்தான் என்று இது நிரூபிக்கவில்லையே.

இல்லைதான். நானும் அதைச் சொல்லவில்லை. பெப்டைடோடு (சிறு புரதத் துண்டு) கட்டிய பிஎன்ஏவுக்கு உட்சவ்வில் எஸ்பிஎம்ஏ என்ற வேறொரு கடத்தி உதவுவது தெரிந்த விஷயம். அதனால் வெளிக்கதவு ஒன்று, உள்கதவு இன்னொன்று என்றே யோசித்துப் பழகுங்கள். ஆனால் ‘வெளிச்சவ்வோடு முடிந்துவிடும்’ என்பதைக் குறையாகச் சொல்கிறீர்களே, அங்கேதான் நான் ஒத்துப்போக மாட்டேன். பீட்டா-லாக்டம் (பென்சிலின் போன்ற) மருந்துகளின் இலக்கு உட்சவ்வுக்கு வெளியேதான் இருக்கிறது. வெளிச்சவ்வைத் தாண்டினாலே போதும். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால் என்ற பீட்டா-லாக்டம் அப்படித்தான். அது விட்டமின் அல்ல, இரும்பைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது, கணக்கு ஒன்றே. முதலில் இலக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சரக்கைத் தேர்ந்தெடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேள்வி: கூட்டுப்பொருள் உள்ளே போனது பிடியூபி வழியாகத்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பிடியூபி மரபணு நீக்கிய பாக்டீரியாவில் அதே சோதனையைச் செய்யுங்கள். விளைவு மறைய வேண்டும். அப்புறம் தனி பி12-ஐ அதிகமாகச் சேர்த்தும் பாருங்கள். விளைவு குறைய வேண்டும். சரக்கை மட்டும் தனியாகவும் போட வேண்டும். ஊடகத்தில் பி12 இருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள்.

கேள்வி: பாக்டீரியா எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளாதா?

வளர்க்கும். பிடியூபியை இழந்தாலும் ஈ.கோலை பிழைக்கும், மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் செய்ய பி12 தேவைப்படாத நொதி அதனிடம் இருக்கிறது. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

கேள்வி: பி12 மாத்திரையை ஆன்டிபயாடிக்கோடு காலையில் சாப்பிடலாமா, இரவிலா?

மேலே நான்காவது கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: மனித செல்களும் பி12-ஐ எடுக்குமே, சரக்கு அங்கே போகாதா?

போகலாம். ரத்தத்தில் டிரான்ஸ்கோபாலமின் என்ற புரதம் பி12-ஐப் பிடித்து நம் செல்களுக்குக் கொண்டுபோகிறது. அதனால் பாக்டீரியாவில் மட்டும் இலக்கு உள்ள சரக்கு வேண்டும்; பாக்டீரியாவின் எம்ஆர்என்ஏ வரிசையைக் குறிவைக்கும் பிஎன்ஏ இங்கே கைகொடுக்கிறது.