ஆறு கை இருந்தும் கமாஜி ஏன் தூக்கிவிடவில்லை?

கேள்வி: 'ஸ்பிரிட்டட் அவே' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தில் பாய்லர் அறையில் இருக்கும் கமாஜி தாத்தாவை ஆளாளுக்குக் கொண்டாடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பத்து வயதுச் சிறுமி சிஹிரோ பயந்து நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், ஆறு கை இருந்தும் ஒரு கையைக்கூட நீட்டாமல் வள்ளென்று விழுகிறார். கடைசியில் திடீரென்று ரயில் டிக்கெட்டைக் கொடுத்து நல்லவராகிவிடுகிறார். மந்திரக் காவலர் என்றால் முதலிலேயே காப்பாற்ற வேண்டியதுதானே? கார்ட்டூன் படங்களில் வழக்கமாக வரும் முசுட்டுத் தாத்தாதானே இவரும்?

பதில்: கடைசியிலா? படம் ஓடுவது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கமாஜி அந்தப் பெண்ணுக்காக வாய் கூசாமல் பொய் சொல்வது அரை மணி நேரம் சுமாருக்கே வந்துவிடுகிறது. சாப்பாடு கொண்டுவரும் பணிப்பெண் லின், "ஐயோ, மனுஷப் பெண்! மேலே இவளைத் தேடித்தான் அமளி நடக்கிறது" என்று அலறுகிறாள். கமாஜி ஒரு கணம்தான் யோசிக்கிறார், பிறகு "என் பேத்தி" என்கிறார். மீசையும் கறுப்புக் கண்ணாடியும் வைத்திருக்கும் அந்த ஆறு கை ஆசாமிக்கு மனுஷப் பேத்தி எங்கிருந்து வந்தாள் என்று யாருமே கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் 'மந்திரக் காவலர்' என்ற பட்டம். அது நீங்கள் கொடுத்தது, படம் கொடுக்கவில்லை. தெய்வங்கள் வந்து குளித்துவிட்டுப் போகும் விடுதியில் வெந்நீருக்குப் பொறுப்பானவர் அவர், அவ்வளவுதான். மேலேயிருந்து மரச்சீட்டு விழ விழ எந்தத் தொட்டிக்கு எந்த மூலிகை என்று பார்த்து, சுவர் முழுக்க இருக்கும் இழுப்பறைகளிலிருந்து நீண்ட கைகளால் எடுத்து, அரைத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் கெண்டியின் மூக்கை வாயில் வைத்துக்கொள்கிறார். முதல் அறிமுகத்திலேயே தன்னை இந்த பாய்லரால் வேலை வாங்கப்படும் கிழவன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். இவர் எந்த மந்திரத்தை எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தீர்கள்?

சரி, அந்த உலகத்தின் சட்டம் என்ன என்று பாருங்கள். வேலை செய்யாதவர்களை விடுதியை நடத்தும் சூனியக்காரி யுபாபா மிருகமாக்கிவிடுவாள், இதை அவளிடம் வேலை பார்க்கும் சிறுவன் ஹாகு சிஹிரோவுக்கு முன்பே சொல்லித்தான் கமாஜியிடம் அனுப்புகிறான். இன்னொரு பக்கம், வேலை கேட்டு வருபவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று யுபாபா எப்போதோ ஒரு சத்தியம் செய்து தொலைத்திருக்கிறாள், அதை அவளே நொந்துகொண்டு சொல்கிறாள். ஆக அந்தக் குழந்தைக்கு இருப்பது ஒரே வழி: யுபாபாவின் முன்னால் போய் நின்று, என்ன மிரட்டினாலும் 'வேலை கொடுங்கள்' என்பதை விடாமல் கேட்பது. கமாஜி மனமிரங்கி பாய்லருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதனால்தான் இங்கே ஆள் வேண்டாம் என்று கறாராகச் சொல்கிறார், சுட்டுக் கருக்கிய பல்லி போன்ற ஒன்றை லஞ்சமாக நீட்டி, இவளை யுபாபாவிடம் கூட்டிக்கொண்டு போ, மீதியை இவளே பார்த்துக்கொள்வாள் என்று லின்னைச் சம்மதிக்க வைக்கிறார். இதை உதவாதது என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வள்ளென்று விழும் காட்சிக்கே வருகிறேன், உங்கள் வழக்கு அதில்தான் நிற்கிறது. நிலக்கரி சுமக்கும் கரிக்குட்டிகளில் (மந்திரத்தால் உயிர்பெற்ற கரித் துகள்கள்) ஒன்று பாரம் தாங்காமல் நசுங்கிப்போகிறது. சிஹிரோ அந்தக் கரித் துண்டைத் தூக்குகிறாள், குட்டி தப்பித்து ஓடிவிடுகிறது. கையில் கனத்தை வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது, இங்கேயே வைத்துவிடவா என்று விழிக்கிறாள். தொட்டால் முடித்துவிட்டுப் போ என்று அதட்டுகிறார் கமாஜி. அவளும் தள்ளாடித் தள்ளாடி உலை வாய்வரை போய், அனல் முகத்தில் அடிக்க, உள்ளே வீசுகிறாள். அந்தப் படத்தில் அவள் முழுதாகச் செய்து முடிக்கும் முதல் வேலை அதுதான். மேலே போய் யுபாபாவிடம் கெஞ்சப் போகிறவளுக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடைக்குமா?

உடனே மற்றக் குட்டிகள் எல்லாம் நசுங்கினதுபோல் நடிக்கின்றன, எனக்குச் செய், எனக்குச் செய் என்று. இங்கே கமாஜி இரண்டாம் முறை கத்துகிறார். கரிக்குட்டிகளைப் பார்த்து, மறுபடி வெறும் கரியாகிவிட ஆசையா என்கிறார். சிஹிரோவைப் பார்த்து, அடுத்தவர் வேலையைப் பிடுங்காதே, உழைக்காவிட்டால் இதுகளின் மந்திரம் போய்விடும் என்கிறார். உங்கள் காதில் கத்தல் மட்டும் விழுந்திருக்கிறது. தனக்குக் கீழே இருக்கும் தம்மாத்துண்டு உயிர்கள் அழியக் கூடாது என்ற பதற்றம் அதில் இருக்கிறதே.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முசுட்டுக் கிழவர்கள் அனிமேஷனில் மலிந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். பெரும்பாலும் கடைசிக் கால் மணியில் ஒரு பழைய போட்டோ, இறந்துபோன ஒரு மகள், இரண்டு சொட்டுக் கண்ணீர் என்று முசுட்டுத்தனத்துக்கு ரசீது நீட்டிவிடுவார்கள். இந்தப் படத்தின் இயக்குநர் மியாசாகி அதைச் செய்யவில்லை. கமாஜி யார், எப்படி இங்கே வந்து மாட்டினார் என்று ஒரு வரிகூடக் கிடையாது. கரகரப்பு எல்லாம் குரலில் இருக்கிறது: ஜப்பானிய மூலத்தில் பேசியவர் புன்டா சுகவாரா, எழுபதுகளில் யகூசா (ஜப்பானிய ரவுடிக் கும்பல்) படங்களில் கொடிகட்டிப் பறந்த நடிகர். டப்பிங்கில் மட்டும் பார்த்திருந்தால் ஜப்பானிய ஒலியில் ஒருமுறை கேளுங்கள், எரிச்சல் பாதி குறையும்.

ரயில் டிக்கெட்டைத் திடீர்ப் பாசம் என்கிறீர்கள். உயிருக்குப் போராடும் ஹாகுவுக்காக சிஹிரோ, யுபாபாவின் இரட்டைச் சகோதரி செனிபாவைத் தேடிப் போகிறேன் என்றதும், அவள் பயங்கரமான சூனியக்காரி, போவதற்குப் போய்விடலாம், திரும்பி வருவதுதான் கஷ்டம் என்று இழுக்கிறார். பிறகு இழுப்பறைகளைக் குடைந்து, 40 வருஷத்துக்கு முன்னால் உபயோகித்தது போக மிச்சமிருந்த டிக்கெட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார். கொடுக்கும்போதும் சர்க்கரை தடவுவதில்லை: ஆறாவது நிறுத்தத்தில் இறங்கு, முன்பெல்லாம் திரும்பி வர ரயில் இருந்தது, இப்போது போகிற ரயில் மட்டும்தான், அப்படியும் போகிறாயா? அவள் தண்டவாளத்தோடு நடந்தே வந்துவிடுகிறேன் என்கிறாள். அவர் தடுக்கவில்லை.