“என்ன தருவீங்க?” என்று கேட்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மும்பைப் பள்ளிகளில் ஆலோசகராக இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி, “படிக்கவே மாட்டேங்கிறான்” என்று இருக்கும். மீதிப் பாதி, “யாரோடும் ஒட்ட மாட்டேங்கிறாள்” என்று. பெற்றோர் இவற்றை இரண்டு தனித்தனி வியாதி மாதிரி எழுதுகிறார்கள். என் அறைக்கு வரும் பிள்ளையிடம் இவை இரண்டும் ஒரே புத்தகப் பையில்தான் இருக்கின்றன. இந்த முறை வந்த கேள்விகளைச் சேர்த்துப் படித்தால் உங்களுக்கும் அது புரியும்.

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து ஒரு தந்தை: தையல் யூனிட்டில் வேலை செய்கிறேன். மகன் ஐந்தாவது. போன வருடம், “90க்கு மேல் வாங்கினால் பாடத்துக்கு 100 ரூபாய்” என்று சொன்னேன். வாங்கிவிட்டான். இப்போது ஹோம்வொர்க் நோட்டை எடு என்றாலே, “என்ன தருவீங்க?” என்கிறான். பிள்ளையை நானே கெடுத்துவிட்டேனா?

இல்லை. ஓவர்டைம் காசில் பிள்ளைக்குப் பரிசு வைத்த அப்பா நீங்கள். அந்த மனசில் குறை சொல்ல எதுவுமில்லை, வழிதான் கொஞ்சம் தவறிவிட்டது.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளாகப் பார்த்து எடுத்தார்கள். ஒரு குழுவிடம், “வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, இஷ்டப்படி விளையாடலாம் என்று விட்டபோது, முன்கூட்டியே வாக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் தங்கள் நேரத்தில் ஏறத்தாழ 9 சதவீதம்தான் வரைந்தார்கள். மற்ற இரண்டு குழுக்களும் 17, 18 சதவீதம். ஆசையாகச் செய்துகொண்டிருந்த காரியம், பேரம் நுழைந்ததும் வேலையாகிவிட்டது.

எட்வர்ட் டெசி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1999இல் இப்படிப்பட்ட 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முன்பே பேசி வைத்துக் கொடுக்கும் காசும் பொருளும் ஆர்வத்தைக் குறைக்கின்றன, அதுவும் கல்லூரி மாணவர்களைவிடச் சிறு பிள்ளைகளிடம் அதிகமாக என்று தெரிந்தது. எதிர்பாராமல் கிடைக்கும் பரிசு அப்படிக் கெடுப்பதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: துளிகூட ஆசையே இல்லாத ஒரு வேலையைத் தொடங்கி வைக்க ஒரு சின்னப் பரிசு கொடுத்தால் அது பாவமில்லை. அதையே வழக்கமாக்கிவிடுவதுதான் சிக்கல்.

இந்தப் பருவத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். பிறகு அவனை உட்கார வைத்து, “இனிமே மார்க்குக்குக் காசு இல்லப்பா, அப்பா யோசிச்சுப் பார்த்தேன்” என்று நேராகச் சொல்லுங்கள். சில நாள் முரண்டு பிடிப்பான். ஒரு பிள்ளைக்கு மூன்று பசி உண்டு என்பது டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த கோட்பாடு: தானே தேர்ந்தெடுக்க வேண்டும், தன்னால் முடிகிறது என்று தெரிய வேண்டும், தன்னைச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கணக்கு முதலா மராத்தி முதலா என்பதை அவனே முடிவு செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை இஞ்ச் டேப்பை அவன் கையில் கொடுங்கள். ஒரு சட்டைக்கு 2 மீட்டர் 20 சென்டிமீட்டர் துணி என்றால் 15 சட்டைக்கு எத்தனை மீட்டர் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியவர் மாதிரி கேளுங்கள். 33 என்று சொல்வான். அந்தக் கணக்கை நம்பி நீங்கள் துணி எடுத்தால், அதைவிடப் பெரிய பரிசை உங்களால் கொடுக்க முடியாது.

மாட்டுங்காவிலிருந்து ஒரு பாட்டி: பேரனுக்கு ஆறு வயது. கணக்குப் போடும்போது, “இப்போ ஏழு… பக்கத்து வீட்ல கடன் வாங்கணும்… இல்ல இல்ல, அடிச்சுட்டு எழுது” என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். மருமகள் பயப்படுகிறாள்.

மருமகளைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. இது நல்ல சேதி.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி இருவரும் 1896இல் பிறந்தவர்கள். ஒருவர் சுவிட்சர்லாந்து, மற்றவர் ரஷ்யா. இந்தப் பேச்சைப் பற்றி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எதிராளியின் நிலையிலிருந்து பார்க்கத் தெரியாத வயதின் பேச்சு, வளர வளரப் போய்விடும் என்றார் பியாஜே. வைகாட்ஸ்கி அதைத் திருப்பிப் போட்டார். பெரியவர்கள் வெளியே நின்று சொன்ன வார்த்தைகளைக் குழந்தை எடுத்துத் தன்னைத்தானே வழிநடத்திக்கொள்கிறது, கொஞ்ச வருடத்தில் அந்தப் பேச்சு உள்ளே போய்ச் சிந்தனையாகிவிடுகிறது என்றார். வேலை கடினமாகும்போது குழந்தைகள் இப்படி அதிகம் பேசுகிறார்கள் என்பதை அவருக்குப் பின் வந்தவர்களும் பார்த்திருக்கிறார்கள். என் அனுபவமும் அதேதான்.

“பக்கத்து வீட்ல கடன் வாங்கணும்” என்பது யார் சொல்லிக்கொடுத்தது? நீங்களாகத்தான் இருக்கும். உங்கள் குரல்தான் அவன் வாயில் வருகிறது. கோலம் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் நாமே புள்ளி வைத்து, குழந்தையின் விரலைப் பிடித்து இழுப்போம். அப்புறம் புள்ளி மட்டும் வைப்போம். அப்புறம் வாசலை விட்டு உள்ளே போய்விடுவோம். 1976இல் வுட், புரூனர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் இதற்குக் ‘கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது’ என்று பெயர் வைத்தார்கள். சுவர் நின்றதும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும்.

யாரோ தன்னிடம் பேசுவதாகச் சொல்லிக் குழந்தை பயந்தால் அது வேறு விஷயம். அப்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெரூலிலிருந்து ஒரு தாய்: மகன் எட்டாவது. பள்ளியில் எப்போதும் முதல் மூன்றுக்குள் வருவான். நுழைவுத்தேர்வு கிளாஸில் டாப் பேட்ச் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டோம். நாலே மாதத்தில், “எனக்கு மேத்ஸ் வராது” என்கிறான். மார்க் ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை.

உங்கள் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. மார்க் குறையவில்லை, தன்னைப் பற்றிய கணிப்புதான் குறைந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தார். ஒரே திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவன் சாதாரணப் பள்ளியில் இருக்கிறான், இன்னொருவன் பொறுக்கி எடுத்த கெட்டிக்காரர்கள் நடுவில் இருக்கிறான். இரண்டாமவன்தான் தன்னை மட்டமாக நினைக்கிறான். சின்னக் குளத்தில் பெரிய மீன் என்று இதைச் சொல்வார்கள். பிறகு 26 நாடுகளின் மாணவர்களை எடுத்துப் பார்த்தபோதும் இதே போக்கு தெரிந்தது. பிள்ளைகள் தங்களை அளக்க வைத்திருக்கும் அளவுகோல் பக்கத்து பெஞ்சுதான். அதனால், டாப் பேட்ச் எல்லாப் பிள்ளைக்கும் நல்லது என்று கிளாஸ்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதே இல்லை.

உங்கள் மகன் மாதிரி ஒரு பையன் என்னிடம் வந்தான். ஒரு கணக்கைப் போடச் சொன்னேன். போட்டான், அழித்தான், மறுபடி போட்டான், அழித்தான். காகிதம் ஓட்டையாகி அடுத்த பக்கம் தெரிந்தது. அவன் முதலில் போட்ட விடையே சரி. “ஏன்டா அழிச்சே?” என்றேன். “இதே கணக்கை மத்தவங்க ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடுவாங்க மேடம், எனக்கு ஏழு நிமிஷம் ஆச்சு, அப்போ தப்பாத்தான் இருக்கும்” என்றான்.

‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆல்பர்ட் பந்தூரா என்ற உளவியலாளர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவன் ஜெயிப்பதைப் பார்ப்பது, நம்பிக்கையானவர் சொல்லும் வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை. இதில் முதலாவதற்குத்தான் பலம் அதிகம். “நீ கெட்டிக்காரன்டா” என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் அது மூன்றாவது ஊற்றுதான், சீக்கிரம் வற்றிவிடும்.

ஜூன் மாத நோட்டை எடுத்து, அப்போது அவனால் முடியாத நாலு கணக்கை இன்று போடச் சொல்லுங்கள். ரேங்க் பட்டியலை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அடுத்த இரண்டு மாதத்திலும் இதே பேச்சு இருந்தால், கூச்சப்படாமல் ஒரு படி கீழே உள்ள பேட்சுக்கு மாற்றுங்கள். சொந்தக்காரர்கள் கேட்பார்கள்தான். கேட்கட்டும்.

முலுண்டிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு நாலு வயது. மதுரையிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. பிளேஸ்கூலில் மற்ற குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகவே விளையாடுகிறாள்.

பக்கத்தில் உட்கார்கிறாள் அல்லவா, அது போதும். மில்ட்ரெட் பார்ட்டன் 1932லேயே குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தினார்: தனியாக ஆடுவது, வேடிக்கை பார்ப்பது, அருகருகே ஆடுவது, கலந்து ஆடுவது, சேர்ந்து திட்டம் போட்டு ஆடுவது. நாலு வயதில் இவை எல்லாமே மாறி மாறி வரும். உங்கள் மகளுக்குக் கூடவே ஒரு மொழிச்சுவரும் இருக்கிறது. “மலா பண் தே”, “முஜே பீ கேல்னா ஹை” என்று இரண்டு வாக்கியம் கற்றுக்கொடுங்கள். எனக்கும் கொடு, நானும் விளையாட வேண்டும் என்ற இரண்டு தான் அந்த வயதில் நட்புக்குத் தேவை. வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள்.

தாணேயிலிருந்து ஒரு தந்தை: ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, ஐந்து வயது மகன் முன் ஒரு லட்டை வைத்து, “பத்து நிமிஷம் பொறுத்தால் இரண்டு” என்றேன். நான் திரும்புவதற்குள் தின்றுவிட்டான். எதிர்காலத்தில் படிப்பு வருமா?

லட்டை வைத்து ஜாதகம் பார்க்காதீர்கள். உங்கள் லட்டு மாதிரியே வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் நடத்திய மிட்டாய்ச் சோதனை பிரபலம்தான். பொறுத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று அதில் தெரிந்தது. ஆனால் 2018இல் பல மடங்கு அதிகக் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழ்நிலையையும் குழந்தையின் அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு மிகவும் மெலிந்துவிட்டது. 2013இல் வந்த ஒரு சிறிய சோதனை எனக்கு இன்னும் முக்கியம். முதலில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். ஆகவே, “சாயந்திரம் பார்க்குக்குப் போகலாம்” என்று சொன்னால் போய்விடுங்கள். பொறுமையை அவன் அங்கேதான் கற்றுக்கொள்வான்.

செம்பூரிலிருந்து ஓர் ஆசிரியை: ‘அறிவாளி’ என்று பாராட்டக் கூடாது, உழைப்பைப் பாராட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். வகுப்பில் போஸ்டரும் ஒட்டியிருக்கிறோம். மாற்றம் தெரியவில்லையே?

போஸ்டரால் மாற்றம் வராது டீச்சர். 1998இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு நல்ல ஆய்வு. ‘புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், அடுத்த முறை சுலபமானதைத் தேடினார்கள், தோற்றதும் சோர்ந்தார்கள். கிட்டத்தட்ட பத்தில் நாலு பேர் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னார்கள். ஆனால் அதிலிருந்து உலகம் முழுக்கக் கிளம்பிய, ‘உழைத்தால் அறிவு வளரும்’ என்ற பெரிய பேச்சுக்கு அளவான பலன்தான் கிடைத்தது. 2019இல் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் அந்தப் பாடத்தைச் சோதித்தபோது, பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி 4 புள்ளி அளவில் 0.1 புள்ளி உயர்ந்தது. சும்மா தள்ளிவிடக் கூடியதல்ல, மந்திரமும் அல்ல. “நல்ல முயற்சி” என்று எல்லா நோட்டிலும் எழுதுவதை விட்டு, “மூணாவது வரில வழியை மாத்தினே பாரு, அதனாலதான் வந்துச்சு” என்று எழுதிப் பாருங்கள். என்ன செய்தான் என்று அவனுக்கே தெரியட்டும்.

ஆன்டாப் ஹில்லிலிருந்து எட்டாவது படிக்கும் மாணவி: ஆன்ட்டி, எங்க கேங்ல அஞ்சு பேர். போன வாரம் என்னை வாட்ஸ்அப் குரூப்ல இருந்து எடுத்துட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லல. டிபன் தனியா சாப்பிடறேன். புக்கைத் திறந்தா எழுத்து ஓடல. அம்மா, “படிப்புதான் முக்கியம், இதுக்கெல்லாமா அழுவே”ன்னு சொல்றாங்க.

கண்ணா, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உனக்கு வலிப்பது நிஜமான வலி. 2003இல் அமெரிக்காவில் சிலரைக் கணினியில் ஒரு பந்து விளையாட்டு ஆட வைத்து, நடுவில் மற்ற இரண்டு பேர் அவர்களுக்குப் பந்தே போடாமல் விட்டது போல் காட்டினார்கள். முகம்கூடத் தெரியாத ஆட்கள்தான். அப்போது மூளையைப் படம் எடுத்தால், உடல்வலியின் வேதனையில் வேலை செய்யும் ஒரு பகுதி அங்கே வேலை செய்தது. முகம் தெரியாதவர்கள் பந்து போடாததற்கே அப்படி என்றால், மூன்று வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் வெளியே தள்ளினால் எழுத்து எப்படி ஓடும்? உன் மூளை மக்காகிவிடவில்லை. அது வேறொரு காவல் வேலையில் இருக்கிறது.

ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற மனநல மருத்துவர், வளரும் பிள்ளைக்குக் கூட்டத்தைவிட ஒரே ஒரு உயிர்த்தோழமை முக்கியம் என்றார். 1999இல் வந்த ஓர் ஆய்வும் அதைத்தான் காட்டியது. மற்றவர்கள் துன்புறுத்தினாலும், நெருங்கிய நண்பர் ஒருவராவது இருந்த பிள்ளைகளின் மனக்கஷ்டம் அவ்வளவாக முற்றவில்லை. அதனால் அந்த நாலு பேரையும் திரும்பப் பிடிக்க ஓடாதே. அதில் யாரோடு உனக்கு உண்மையாக ஒட்டும் என்று யோசித்து, அவளிடம் மட்டும், தனியாக, நேரில் ஒருமுறை கேள்: “நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?” பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் இரண்டாவது முறை கேட்க வேண்டாம். குரூப்பில் உன்னைப் பற்றித் தப்பாக ஏதாவது போடுகிறார்கள் என்று தெரிந்தால், ஸ்கிரீன்ஷாட்டோடு வகுப்பாசிரியையிடம் போ. அது கோள் சொல்வது ஆகாது. ராத்திரியில் மனசு ரொம்பப் பாரமாக இருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

இந்தப் பத்தியை அம்மாவிடம் காட்டு. அம்மா, உங்கள் மகளிடம் இன்னும் பதினைந்து நாள் மார்க் பேச்சை எடுக்காதீர்கள். இந்த யூனிட் டெஸ்டில் குறைந்தால் குறையட்டும். சமைக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, அவள் சொல்வதைக் கேளுங்கள். புத்தி சொல்ல வாய் வரும், அந்த நேரம் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். டிபனில் இரண்டு இட்லி கூடுதலாக வையுங்கள்.

அது எதற்கு என்றால், கண்ணா, உன் கடிதத்தின் ஓரத்தில் நீயே எழுதியிருக்கிறாய்: கடைசி பெஞ்சில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்று. திங்கட்கிழமை உன் டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.