பதில்: விருப்ப ஓய்வு பெற்ற அப்பா மீண்டும் பழைய வழக்கின் பின்னால் போகிறார்

சகோதரிக்கு வணக்கம். போலீஸ் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, தூக்கமின்றித் தவித்துவரும் உங்கள் தந்தையார், சென்னையில் தாம் விசாரித்துத் துப்புத் துலங்காமல் போன கொலை வழக்கைப் பற்றிப் பழைய சகா ஒருவர் கேட்டதிலிருந்து, 62 வயதில் தனியே தெருத்தெருவாக விசாரித்து அலைகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் குற்றப்பிரிவில் இருந்தவன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பழைய பாக்கெட் நோட்டைப் புரட்டும் பழக்கம் என்னையும் விட்டுப் போக வெகுகாலம் ஆயிற்று.

பணியை விட்ட நாளோடு விசாரணை அதிகாரமும் போய்விடுகிறது; இனி அவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லக்கூடிய சாட்சி மட்டுமே. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு அவர் யாரையேனும் விசாரித்தால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அதோடு, அவர் முந்திக்கொண்டு பேசிய சாட்சியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூண்டில் குறுக்கு விசாரணை செய்து உடைத்துவிடுவார். அவரிடம் இதைச் சொல்லுங்கள், தண்டனையைவிட இதுதான் அவருக்கு உறைக்கும்.

ஆனாலும் அவரை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். நினைவில் உள்ளதைத் தேதிவாரியாக எழுதச் செய்து, இப்போதைய விசாரணை அதிகாரியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். 60 வயதைக் கடந்த சாட்சியை நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி வீட்டிலேயே வாக்குமூலம் அளிக்கலாம். தூக்கத்துக்கு மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் மறுத்தால், முதலில் நீங்களே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.