அப்பச்சியின் ஷூ

கேள்வி: அப்பச்சி சிங்கப்பூரில் வாங்கிய தோல் ஷூ. மேல்தோல் நன்றாக இருக்கிறது, அடிதான் ஓட்டை. தம்பி கல்யாணத்துக்குப் போட ஆசை. சோல் மாற்றலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாக மாற்றலாம், ஆனால் முதலில் ஓரத்தைப் பாருங்கள். மேல்தோலுக்கும் சோலுக்கும் நடுவே ஒல்லியான தோல் பட்டை ஓடி, அதில் தையல் தெரிகிறதா? அதுதான் வெல்ட். சோலை அந்தப் பட்டையோடுதான் தைத்திருப்பார்கள், அதனால் கைதேர்ந்தவர் பழைய தையலை அறுத்து, உள்ளே உங்கள் அப்பச்சியின் பாதம் பதிந்து நசுங்கிய கார்க்கையும் மாற்றி, மேல்தோலைத் தொடாமலே புதுச் சோல் தைத்துவிடுவார். சில ஒட்டுச் சோல் ஷூக்களில் அழகுக்காகப் பொய்த் தையல் போட்டிருப்பார்கள், ஏமாற வேண்டாம்.

என் ஷூவுக்கு ஒருவர் பழைய சோல் மேலேயே ரப்பரை ஒட்டித் தந்தார், முதல் மழையிலேயே வாயைப் பிளந்துவிட்டது. இன்றும் மனசு ஆறவில்லை. ஆகவே 'ஒட்டுவீர்களா, தைப்பீர்களா?' என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம், புதுத் தோல் சோல் வழவழப்பான தரையில் வழுக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பு என்றால் கேட்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பே நாலு நாள் தெருவில் போட்டு நடந்துவிடுங்கள்.